இருபது சுற்றுக்கு நாற்பத்தொன்று

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் இடது தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். மீட்டரில் முள் 70-ஐத் தொட்டு நிற்கிறது. என் மாதிரி சின்ன சரக்கு வண்டிக்கு அதுதான் உச்சம், பின்கதவில் 70 என்று வட்ட ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கிறது. அதே ஸ்டிக்கர் ஒட்டிய வேன்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. ஒன்றிரண்டு என்றால் பறக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். பெரிய ஏணியைக் கூரையில் கட்டிக்கொண்டு ஒரு கிழட்டு வேன் தாண்டியபோதுதான் உறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினனிடம் போனில் ஜிபிஎஸ் வேகம் பார்க்கச் சொன்னேன்.

"62, அத்தான். இல்ல, 61... 62."

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ், 2012 பதிவு, 2.5 லிட்டர் டீசல், 5 கியர் மேனுவல், சிங்கிள் கேப், பின்சக்கர ஓட்டம் மட்டும். சிஓஇ (இங்கே வண்டி வைத்திருக்கத் தேவையான சான்றிதழ்) புதுப்பித்த வண்டியாக வாங்கினேன். ஏர்கான் சர்வீஸ் வேலைக்கு அது போதும். வெளியே மாட்டும் யூனிட் இரண்டு, ஏணி, கேஸ் சிலிண்டர், கருவிப்பெட்டி எல்லாம் ஏறும். விற்றவர் "எல்லாம் ஒரிஜினல், ஒன்றையும் மாற்றவில்லை" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. 50-லிருந்து 60-க்குள் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு ராகம். காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். புதுக்கோட்டைக்காரர், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பினியன் பேரிங் போச்சு தம்பி. டிஃப்ரன்ஷியலை அப்படியே எடுத்துட்டு ஓடின நல்லது ஒண்ணு போட்டுடலாம். ஆனா உள்ள என்ன ரேஷியோ இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கு" என்றார்.

ரேஷியோ என்பது பல் கணக்குதான். கியர் பாக்ஸிலிருந்து வரும் புரொபெல்லர் ஷாஃப்ட் பின் ஆக்ஸிலுக்குள் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அது கிரவுன் வீல் என்ற பெரியதைச் சுற்றுகிறது. இவை அடங்கிய தொகுதிதான் டிஃப்ரன்ஷியல். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.100. பினியனில் 11 என்றால் 3.727. முதலாவதில் இழுவை கூடும், ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்ற வேண்டும். இரண்டாவதில் அது தலைகீழ். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கறுப்புப் பூசிய இரும்புக் குடம்.

யூடியூபில் நான் பார்த்தவை எல்லாம் அமெரிக்க வண்டிகள். ஃபோர்டு என்றால் டிஃப்ரன்ஷியல் மூடியின் போல்ட்டில் சின்னத் தகடு தொங்கும், அதில் 3எல்73 என்று இருந்தால் 3.73, நடுவில் வரும் எல் எழுத்துக்கு, ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் வழுக்கல் தடுப்பு உள்ளது என்று பொருள். ஜெனரல் மோட்டார்ஸ் என்றால் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டிய காகிதத்தில் ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. "பின்மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணுங்கள்" என்று ஒருவர் எளிதாகச் சொல்லிவிட்டார். என் வண்டியின் ஆக்ஸிலில் பின்மூடியே கிடையாது. டிஃப்ரன்ஷியல் முழுவதும் முன்பக்கமாகத்தான் வெளியே வரும், அதற்கு முன் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் உருவ வேண்டும். பல்லை எண்ணுவதற்காக யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.

டொயோட்டாவுக்கு ஒரு தகடு உண்டு. என் வண்டியில் அது இன்ஜின் அறையின் பின்சுவரில் இருந்தது. அதில் ஏ/டிஎம் என்ற வரியில் ஆக்ஸில் குறியீடும் கியர் பாக்ஸ் குறியீடும் பக்கம் பக்கமாக இருக்கும். துடைத்து, படம் எடுத்து, பாகக் கடைக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது: 3.727.

அத்தோடு முடிந்தது என்று நினைத்து மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். அவர் தேநீரை ஊதிக்கொண்டே, "அது பொறந்த சர்டிபிகேட்டு. இப்ப எந்த புளோக்குல குடியிருக்கான்னு அதுல இருக்குமா?" என்றார். ஓடிய வண்டியில் ஆக்ஸில் எப்போது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம், தகடு மாறாது. சுற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

சனிக்கிழமை மாலை அவருடைய வொர்க்‌ஷாப்பில் ஒரு மூலை கிடைத்தது. வீட்டுக்குக் கீழே கார்பார்க்கில் செய்ய எனக்குத் துணிவில்லை. பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருக்கும் வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தால் மேல்மாடியிலிருந்து பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

இந்த வேலையில் ஒரு விவகாரம் இருக்கிறது. சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் கைபிரேக்கை விட வேண்டும், கியரும் நியூட்ரலில் இருக்க வேண்டும். அதாவது வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு பிடியும் போய்விடும். அதனால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கில் தூக்கியதும் ஆக்ஸில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்ட். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. அண்ணன் ஸ்டாண்ட் வைத்த பிறகு வண்டியை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை விட்டார்.

முதலில் வீடியோவில் பார்த்தபடி இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கினேன். புரொபெல்லர் ஷாஃப்டில் திருத்தும் வெள்ளை மையால் ஒரு கோடு, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. வலது சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். இடது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அடியில் படுத்திருந்த மச்சினன், "ஷாஃப்ட் லேசா ஆடுது, அவ்வளவுதான்" என்றான். மறுபடி சுற்றினேன். இந்த முறை ஒன்றரை என்றான். அடுத்த முறை மூன்று.

குழப்பம் இருந்தாலும் அதில் ஒரு தகவல் கிடைத்தது. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் போகிறது என்றால் அது சாதாரணத் திறந்த டிஃப்ரன்ஷியல். இரண்டும் ஒரே பக்கமாகப் போனால் வழுக்கல் தடுப்பு உள்ள வகை, அதற்கு எண்ணெயும் வேறு, எண்ணும் முறையும் வேறு. அந்த வகையில் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும் என்பதால் இரண்டையும் தூக்கி வைத்து நேரடியாக எண்ணலாம். என்னுடையது அப்படியில்லை.

சரி, ஒன்றை மட்டும் தூக்கலாம் என்று இடது சக்கரத்தைத் தரையில் இறக்கி அதற்கும் கட்டை வைத்தோம். வலது சக்கரத்தை ஒரு சுற்று. ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றி, இன்னும் கொஞ்சம் போய் நின்றது. இரண்டே கால்கூட இல்லை. எந்த ஹைலக்ஸிலும் 2 என்று ஒரு ரேஷியோ இருக்காதே! சக்கரத்தைப் பிடித்தபடி நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டால பெருக்குப்பா" என்று அடுத்த வண்டியின் பானெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. டிஃப்ரன்ஷியல் இருப்பதே வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதற்காக. இரண்டு சக்கரத்தின் சராசரிதான் கிரவுன் வீலின் சுற்று. ஒன்று அசையாமல் நிற்க மற்றது ஒரு முழுச் சுற்று போனால் கிரவுன் வீல் அரைச் சுற்றுத்தான் போகும். ஆகவே ஷாஃப்ட் காட்டுவதும் பாதிதான். இரண்டையும் தூக்கியபோது கணக்கு உதைத்ததும் அதனால்தான். எதிர்ப்பக்கம் எவ்வளவு போகும் என்பது அந்தந்த நேரத்து பிரேக் உரசலைப் பொறுத்தது. ஒரு பக்கத்தை அசையாமல் கட்டிவிட்டால் இந்தத் தகராறு இல்லை.

ஒரு சுற்றை வைத்துக் கண்ணால் மதிப்பிட்டு இரண்டால் பெருக்கினால் பிழையும் இரண்டு மடங்காகும். 2-க்கு மேல் 'கொஞ்சம்' என்று அவன் சொன்னது 4.1 ஆகவும் இருக்கலாம், 4.3 ஆகவும் இருக்கலாம். அதனால் 20 சுற்று. தூக்கிய சக்கரத்தின் 20 சுற்று என்பது கிரவுன் வீலுக்கு 10 சுற்று. ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதைப் பத்தால் வகுத்தால் ரேஷியோ. 3.727 என்றால் 37-ஐத் தாண்டிக் கால் சுற்று வரும். 3.909 என்றால் 39-ஐத் தொட்டதும் சற்றுத் தள்ளி. 4.100 என்றால் கோடு சரியாக 41-ல் வந்து நிற்கும். 4.300 என்றால் 43-ல்.

எண்ணத் தொடங்கும் முன் ஒன்று செய்ய வேண்டும். கியர்களுக்கு நடுவே எப்போதும் சிறிது இடைவெளி உண்டு. சக்கரத்தை ஆட்டினால் ஷாஃப்ட் நகராமலே 'டக் டக்' என்று கேட்கும். எந்தப் பக்கம் சுற்றப் போகிறோமோ அந்தப் பக்கம் மெதுவாகத் தள்ளி, ஷாஃப்ட் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கேதான் இரண்டு கோட்டையும் போட வேண்டும். கடைசி வரை பின்னுக்குச் சுற்றக் கூடாது.

முதல் எண்ணிக்கையில் மச்சினன் 40 என்றான். இரண்டாவதில் 42. நடுவில் அவனுக்கு வாட்ஸ்அப் வந்தது எனக்குத் தெரியும். மூன்றாவது முறை அவன் போனையே வாங்கி, ஷாஃப்டுக்கு எதிரே ஒரு மரக்கட்டையில் சாய்த்து வீடியோ ஓடவிட்டேன். நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தமாக எண்ணினேன். பிறகு மூவரும் உட்கார்ந்து பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். வெள்ளைக் கோடு வந்து வந்து போகிறது. என் குரல் "இருபது" என்று சொல்லும்போது கோடு நாற்பத்தொன்றாவது முறையாகக் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. ஒரு விரல்கூடத் தள்ளவில்லை.

4.100. தகடு சொன்னது 3.727.

"ஒண்ணையும் மாத்தலையாம்" என்றார் அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே.

அப்போதுதான் மீட்டர் ஞாபகம் வந்தது. ஏபிஎஸ் இல்லாத என் வண்டியில் வேகமானிக்குச் செய்தி கியர் பாக்ஸின் வால்பக்கத்திலிருந்து போகிறது. ஷாஃப்ட் எத்தனை சுற்றினால் எவ்வளவு தூரம் என்று அது 3.727-க்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. 4.100-ஐ 3.727-ஆல் வகுத்தால் 1.10. அதே தூரத்துக்கு ஷாஃப்ட் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றுகிறது, மீட்டரும் அதை அப்படியே நம்புகிறது. புது வண்டியிலேயே மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதோடு இந்தப் பத்து சதவீதமும் சேர்ந்துதான் 70 என்று காட்டி 62-ல் ஓடினேன். தூரக் கணக்கும் இதே வழிதான். பழைய வண்டி வாங்கும்போது மீட்டரைக் குறைத்திருப்பார்களோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். என் வண்டியோ ஓடாத தூரத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தது.

எனக்கு இன்னொரு சாட்சியும் தேவைப்பட்டது. தூக்கி வைக்க வசதியில்லாதவர்களுக்கும் இந்த வழி உதவும். இந்த மாதிரி பின்சக்கர ஓட்ட 5 கியர் பெட்டிகளில் பெரும்பாலும் 4-ஆவது கியர் நேர் இணைப்பு. இன்ஜின் ஒரு சுற்று என்றால் ஷாஃப்டும் ஒரு சுற்று. டயர் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். என் டயர் 205/70ஆர்15. காகிதக் கணக்கில் சுற்றளவு 2.10 மீட்டர் வருகிறது. ஆனால் எடை தாங்கி அமுங்கிய டயர் அவ்வளவு போகாது. சாக்பீஸ் கோட்டைத் தரையில் வைத்து, வண்டியை ஒரு சுற்று தள்ளி, டேப் வைத்து அளந்தால் 2.04 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1000 மீட்டர். 1000-ஐ 2.04-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 490 சுற்று. 4.100-ஆல் பெருக்கினால் இன்ஜின் ஏறக்குறைய 2010. அதுவே 3.727 என்றால் 1830-க்குப் பக்கம்.

அன்றிரவு திரும்பும் வழியில் 4-ஆவது கியரில், போனில் 60 காட்டும்படி பிடித்து வைத்தேன். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 2000-ல் படுத்துக் கிடந்தது. மீட்டரில் 68.

இந்த வழியில் வேகமானியை நம்பி எண்ணைப் போட்டிருந்தால் கணக்கு 3.6 என்று வந்து, தகட்டின் 3.727-க்குப் பக்கத்திலேயே நின்றிருக்கும். வேகம் போனிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அடுத்தது எதை வாங்குவது என்ற கேள்வி. சுமை ஏற்றுகிறவனுக்கு 4.100 நல்லது என்று மச்சினன் வாதாடினான். தவறில்லை. ஆனால் என் சுமை முந்நூறு கிலோவைத் தாண்டுவது அபூர்வம். மாடி கார்பார்க் ஏற்றத்தை முதல் கியர் பார்த்துக்கொள்ளும். நான்கு சக்கர ஓட்ட வண்டியாக இருந்தால் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும். பொருந்தாமல் போட்டு இறுகிய சாலையில் நான்கையும் இணைத்தால் ஏதாவது ஒன்று உடையும். என்னுடையதில் அந்தக் கவலையும் இல்லை. மீட்டர் உண்மை பேச வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு முக்கியம். 3.727 என்று முடிவு செய்தேன்.

பழைய பாகக் கடை அங்கிளிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் மார்க்கரால் 4.1, மற்றதில் 3.7 என்று எழுதியிருந்தது. "சத்தியமா 3.7, ரோசாக் இல்லை" என்றார். ரோசாக் என்றால் பழுது. சத்தியத்தை ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்து வாங்கியவன் நான். மேசைமேல் வைத்து எண்ணட்டுமா என்று கேட்டேன். கொப்பி ஓவை உறிஞ்சிக்கொண்டே தலையசைத்தார்.

வெளியே எடுத்த டிஃப்ரன்ஷியலில் கிரவுன் வீல் கண்ணுக்கு நேரே இருக்கிறது, அதனால் இரண்டால் பெருக்கும் தொல்லை இல்லை. ஒரு பல்லில் மையைத் தொட்டு வைத்து எண்ணினால் 41. பினியனின் பற்கள் பாதி உள்ளே மறைந்திருக்கும், எண்ண முடியாது. அதற்குப் பதில், புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து பினியனோடு இணையும் முன் ஃபிளாஞ்சைச் சுற்றினேன். கிரவுன் 11 சுற்று முடித்தபோது ஃபிளாஞ்ச் 41 முடித்தது. 41 வேறு எதனாலும் வகுபடாத எண் என்பதால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் பழைய ஜோடிக்குத் திரும்பும். தேய்மானம் சமமாகப் பரவட்டும் என்றே இப்படிப் பொருத்துகிறார்கள். அந்தச் சுற்றில் பல் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். குழியோ நீலம் பாய்ந்த இடமோ இல்லை. ஃபிளாஞ்சின் நான்கு துளை இடைவெளியையும் ஆக்ஸில் ஷாஃப்ட் நுழையும் வரிப்பற்களின் எண்ணிக்கையையும் அண்ணன் குறித்துக் கொடுத்த காகிதத்தோடு ஒப்பிட்டேன். ரேஷியோ சரியாக இருந்தும் இதில் இடறினால் பாகம் அலமாரிக்குத்தான் போகும். அங்கிள் என் பொறுமைக்கோ தன் பொறுமைக்கோ ஐம்பது வெள்ளி குறைத்தார்.

மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரும்பகுதி அண்ணன் கைவேலை. எண்ணெயை வடிக்கும் முன் மேலே நிரப்பும் பிளக்கைத் திறந்து பார்க்கச் சொன்னார். கீழே வடித்துவிட்டு மேல் பிளக் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே குடியிருக்கும். ஆக்ஸில் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, பழையதை ஜாக்கில் தாங்கி இறக்கினோம். தனியாகக் கையில் பிடிக்கிற எடை இல்லை அது. கழுவியதும் கிரவுன் வீலின் ஓரத்தில் கீறிய எண்கள் தெரிந்தன: 10, பக்கத்தில் 41. பினியன் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்பு போல் குழிகள். புதிய கேஸ்கெட், ஜிஎல்-5 80டபிள்யூ-90 எண்ணெய், மேல் துளையில் வழியும் வரை. பத்து வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை என்பதால், கசிவு இருக்கிறதா என்று ஒரு வாரம் தினமும் காலையில் அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். அட்டை காய்ந்தே இருந்தது.

மறுபடி தீவு விரைவுச்சாலை, மறுபடி மச்சினன் கையில் போன். போனில் 60, மீட்டரில் 62. 4-ஆவது கியரில் முள் 1800-ஐச் சற்றே தாண்டி. ராகம் நின்றுவிட்டது. டாக்ஸிகள் இப்போதும் தாண்டித்தான் போகின்றன, ஏணி கட்டிய வேன்கள் மட்டும் பக்கத்திலேயே வருகின்றன.

அடுத்து வாங்குகிறவருக்கு உதவட்டும் என்று ஆக்ஸில் குடத்தின் மேல் மஞ்சள் பெயிண்டில் 41/11 என்று பெரிதாக எழுதினேன். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"நீ எழுதுனதை அவன் நம்புவானாக்கும்?" என்றார். "சுத்தித்தான் பார்ப்பான்."